அக்ராகஸின் ஒற்றைச் செருப்பு

செருப்பு ஜோடியாக வந்தால் வியாபாரம். ஒற்றையாக வந்தால் வழக்கு. அந்தச் சனிக்கிழமை காலை துப்பறிவாளர் யேசுரட்ணத்தின் மேசையில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒற்றை.

இடது காலுக்கானது. பழுப்புத் தோல், அடிப்பாகம் புதிதாக மாற்றித் தைத்தது, பக்கத்தில் தேய்ந்து பளபளத்த பித்தளை வளையம்.

கோசலை ஓர் இலவசப் பத்திரிகையை மடித்து அதன் அடியில் செருகினாள்.

"தொழில் செய்யிற மேசையிலை செருப்பு. இண்டைக்கு உருப்பட்ட மாதிரித்தான்."

பாரிஸின் லாச்சப்பலில், பெர்தொனே தெருவில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். கோசலை முன்பு கீழே அந்தக் கடையில்தான் நின்றாள். உள்ளே வருகிறவள் சேலை வாங்க வந்தாளா, மழைக்கு ஒதுங்க வந்தாளா என்று அவள் குடையை மடிக்கும் விதத்திலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணைச் சேலைக்கு மட்டும் செலவழிப்பது நட்டம் என்று யேசுரட்ணம் அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டார். நட்டம் இப்போது சேலைக் கடைக்காரருக்கு.

எதிர் நாற்காலியில் இருந்தவள் ஆரெலி. புதுச்சேரிக் குடும்பம், சார்செல்லில் வீடு, நாற்பதை நெருங்கும் வயது, அலுவலக உத்தியோகம். அழுது முடித்த முகமும் இல்லை, அழப்போகிற முகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்ட முகம்.

"பப்பா காணாம போயி பனிக்காலமே முடிஞ்சிடுச்சு மெசியே. இது வில்லெத் கால்வாய் ஓரத்துல கிடந்துது. உடம்பு கிடைக்கல."

"ஆர் கண்டெடுத்தது?"

"ஞானசுந்தரம் அங்கிள். பப்பாவோட சிநேகிதர். இங்க பக்கத்துலதான் மளிகைக் கடை வெச்சிருக்காரு."

"பொலிஸுக்குப் போனீங்களோ?"

"போனேன். எழுதிக் குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு போன் பண்ணா, 'மதாம், இதப் பத்தி உங்க அம்மாகிட்ட பேசுங்க'ன்னாங்க. அம்மாகிட்ட கேட்டா, 'அவங்களுக்கு என்ன தெரியும்'னாங்க. இந்த ஊருல ஒரு ஜன்னல்ல போயி நின்னா அடுத்த ஜன்னலுக்கு அனுப்பறது வழக்கம்தானே. அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"அது சரி," என்றாள் கோசலை. "நான் விசா கார்ட் மாத்தத் திரிஞ்ச காலத்திலை என்னை அனுப்பாத கந்தோர் இல்லை. எங்கட அம்மாட்டை மட்டும்தான் அனுப்பேல்லை."

யேசுரட்ணம் சிரிக்கவில்லை. செருப்பைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அந்தக் காலத்தில் அங்கே வளர்ந்த ஒருவருக்குக் காணாமல் போனவர்களின் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்மா என்ன சொல்லுறா?"

"செத்துட்டாருன்னு சொல்றாங்க. தாலியக் கழட்டிட்டாங்க. நாளைக்கு மாதா கோயில் தமிழ்ப் பூசைல பப்பா பேருக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க." ஆரெலி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "நான் நாளைக்குக் கறுப்பு உடுத்தறதா? இல்ல இன்னமும் மெத்ரோல எதிர்ல வர்ற ஒவ்வொரு கிழவர் முகத்தையும் பாத்துக்கிட்டே நடக்கறதா? ரெண்டுல எதைச் செய்யணும்னு யாராச்சும் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவள் அப்பா சவிரிமுத்து, லிசே மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். லாச்சப்பல் முழுவதும் அவரைப் 'புரொபெசர்' என்றே அழைத்தது. ஞாயிறு மாலைகளில் ஞானசுந்தரத்தின் கடைப் பின்னறையில் பேசுவார். கேட்பவர்கள் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

"என்னத்தைப் பற்றிப் பேசுவார்?"

"எப்பவும் ஒண்ணுதான். அக்ராகஸ். சிசிலித் தீவுல, கிரேக்கக்காரங்க கடல் தாண்டி வந்து கட்டுன ஊரு. அங்க ஆண்ட ராஜாங்க, அங்க இருந்த ஞானிங்க. வீட்டுலயும் சாப்பாட்டு மேசைல அதே பேச்சுதான். பதினஞ்சு வயசுலயே நான் 'பப்பா, மறுபடியுமா'ன்னு தட்டத் தூக்கிக்கிட்டு குசினிக்குப் போயிடுவேன்." செருப்பின் வளையத்தைத் தொட்டாள். "ஒரு கதையக்கூட முடிவு வரைக்கும் கேட்டதில்ல."

யேசுரட்ணம் எழுந்து மேலங்கியை எடுத்தார். செருப்பை ஆரெலியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதைக் கவனமாய் வைச்சிருங்கோ பிள்ளை. நாளைக்குப் பூசைக்கும் கொண்டுவாங்கோ."

"செருப்பையா? கோயிலுக்கா?"

"பைக்குள்ளை இருக்கட்டும்."

*

ஞானசுந்தரத்தின் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். பொரிக்கிற தாச்சி, தலை துவட்டும் துவாய், தேங்காய், தோளில் இடிக்கும் பைகள். ஞானசுந்தரம் கல்லாவில் நின்றபடி மூன்று பேருடன் பேசி, நான்காவது ஆளுக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி.

கோசலை முருங்கைக்காய்க் கட்டை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். அது அவளுடைய வணக்கம்.

"புரொபெசரைப் பற்றிக் கதைக்க வந்தனாங்கள், அண்ணை," என்றார் யேசுரட்ணம்.

தராசில் இருந்த கை ஒரு கணம் தாமதித்தது. பிறகு ஞானசுந்தரம் கல்லாவை மனைவியிடம் விட்டு, அவர்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அரிசி மூட்டைகள் இன்னும் அரைவட்டமாகவே அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை.

"நல்ல மனுசன்," என்றார் ஞானசுந்தரம். "அரிசி வாங்க வந்த சனத்தை ராச்சியம் கேக்க வைச்சவர்."

"எந்த ராச்சியம்? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கோவன்."

சொல்லக் கேட்டதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"முதல் ஃபலாரிஸ். கோயில் கட்டக் குத்தகை எடுத்து, கூலிக்கு வந்த ஆக்களை வைச்சே ஊரைப் பிடிச்சவன்."

"இஞ்சையும் கட்டட வேலைக்காரர் அப்பிடித்தான்," என்றாள் கோசலை. "குளியலறை திருத்த வந்தால் பிறகு போகமாட்டினம்."

"அவனுக்கு பெரிலாவோஸ் எண்ட ஒரு கைவினைக்காரன் வெண்கலத்திலை மாடொண்டு செய்து குடுத்தான். உள்ளுக்கை ஆளைப் பூட்டிக் கீழை நெருப்பு மூட்டினால், அந்த ஆள் கத்துறது வெளியிலை மாடு கதறுற மாதிரிக் கேக்கும். ஃபலாரிஸ் பாத்திட்டு, நல்லாயிருக்கு, நீயே உள்ளை போய்ச் சத்தத்தைக் காட்டு எண்டான்."

"சாம்பிளே அவன்தான்."

"ஓம். தான் செய்த மாட்டுக்குள்ளை தானே. புரொபெசர் அதைச் சொல்லேக்கை ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம். பிறகு தெரோன். பெரிய யுத்தம் வெண்டு, பிடிச்ச ஆக்களைக் கொண்டு கோயில் கோயிலாய்க் கட்டினவன். அவன் உண்டாக்கினதெல்லாத்தையும் மகன் திராசிடாயோஸ் வந்து அழிச்சுப்போட்டான். அதுக்குப் பிறகுதான் எம்பெடோக்கிளிஸ். ஞானி. வைத்தியர். சனம் நீர்தான் ராசா எண்டு காலிலை விழுந்தும் மாட்டன் எண்டவர். நிலம், நீர், நெருப்பு, காத்து, இந்த நாலும் அன்பாலை சேருது, பகையாலை பிரியுது, உலகத்திலை வேறையொண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னவர். வெண்கலச் செருப்புத்தான் போடுவாராம்."

"எப்பிடிச் செத்தவர்?" என்றார் யேசுரட்ணம்.

ஞானசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது... புரொபெசர் சொல்லேல்லை."

"சரி அண்ணை. கால்வாய்க் கரையிலை செருப்பு எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தது?"

"பக்கமோ? செருப்புக்கு என்ன பக்கம்? கிடந்தது, எடுத்தனான்." சட்டென்று கோசலைப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்த முருங்கைக்காயைச் சும்மா கொண்டுபோங்கோ."

கோசலையின் கண் கதவோரத்தில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த பையில் இருந்தது. பச்சைப் பசேலென்று வல்லாரைக் கட்டுகள்.

"முருங்கைக்காய் வேண்டாம். உந்த வல்லாரையிலை ரெண்டு கட்டுத் தாங்கோ."

"அது விக்கிறதுக்கில்லை. எபினேக்குப் போறது."

"எபினேயிலை ஆர் சோதனை எழுதினம்?"

வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்று, பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகளின் வாயில் திணிக்காத தமிழ்த் தாய் பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. சிரிப்பதற்காகத்தான் கோசலை கேட்டாள். ஞானசுந்தரம் சிரிக்கவில்லை. "ஒரு வாடிக்கை ஆள்," என்று முணுமுணுத்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் கோசலை நின்றாள்.

"அண்ணை, கேக்காமல் விலை குறைச்ச கடைக்காரனை நான் இந்தத் தெருவிலை கண்டதில்லை. இந்தாள் சும்மாவே தாறார். பெரிய பொய்யொண்டு வைச்சிருக்கிறார்."

"ரெண்டு பொய். எம்பெடோக்கிளிஸ் எப்பிடிச் செத்தவர் எண்டு தெரியாதாம். செருப்பு வெண்கலம் எண்டதுவரைக்கும் தெரிஞ்ச மனுசனுக்கு."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"பள்ளிக்கூடத்திலை ஃபாதர் ஒருத்தர் சொன்னவர். சனம் தன்னைத் தெய்வம் கூட்டிக்கொண்டு போனதெண்டு நம்பவேணும் எண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் போய் எட்னா எரிமலைக்குள்ளை குதிச்சிட்டாராம். எரிமலை ஒற்றைச் செருப்பை மட்டும் வெளியிலை எறிஞ்சுபோட்டுதாம். அதோடை குட்டு உடைஞ்சுது. ஆள் தெய்வமாகேல்லை, மனுசன்தான் எண்டு."

கோசலை முருங்கைக்காய் இல்லாத தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அப்ப உந்தச் செருப்பு விழுந்ததில்லை. வைச்சது."

"ஓம். வாழ்க்கை முழுக்கத் தமிழ் வீட்டுக்குள்ளை நுழைஞ்ச மனுசன் கழட்டினால் ரெண்டையும் கழட்டுவார். ஒண்டை மட்டும் விடுறதெண்டால் அது சேதி."

"ஆருக்கு?"

யேசுரட்ணம் நடக்கத் தொடங்கினார். மேம்பாலத்தில் மெத்ரோ கடந்துபோய், அதன் சத்தம் தெருவெல்லாம் நிறைந்தது.

*

ஞாயிறு காலைப் பூசைக்கு நல்ல கூட்டம். கோசலை கடைசி வாங்கில் யேசுரட்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாரும் எழும்பும்போது எழும்பி, முழந்தாளிடும்போது குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். அவள் சைவம். கூட்டத்தோடு கூட்டமாகத் தலையாட்டத் தெரிந்தவள்.

முன் வரிசையில் ஆரெலியின் அம்மா ஞானம்மா. வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. தாலிச் சங்கிலி இத்தனை வருடம் கிடந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதை வாங்கிலும் வைக்கவில்லை, தரையிலும் வைக்கவில்லை. பக்கத்தில் ஆரெலி. கறுப்பும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பல் உடுப்பு. முடிவெடுக்க முடியாதவளின் உடுப்பு.

"தாலியைக் கழட்டிட்டா," என்று கோசலை கிசுகிசுத்தாள். "அதுக்கு மேலை என்ன அத்தாட்சி? அண்ணை, மனுசன் உயிரோடை இருக்க ஆரும் கழட்டுவினமோ?"

"பொறும்."

பீடத்தில் சாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்று அறிவித்தார். மறைந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி வரிசையாகப் பெயர்கள். சவிரிமுத்துவின் பெயர் அதில் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, வெளிநாடு போகும் ஒரு பிள்ளைக்காக, பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்காக, அதற்கடுத்து, சவிரிமுத்து அவர்களுக்காக.

"சாமியார் இடம் மாத்திச் சொல்லிட்டாரு," என்று முன்னால் இருந்த கிழவர் பக்கத்தவரிடம் சொன்னார். பக்கத்தவரும் தலையாட்டினார்.

ஞானம்மா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, தெளிவாக, "ஆமென்" என்றாள்.

யேசுரட்ணம் கோசலையின் பக்கம் சாய்ந்தார்.

"உங்கட கோயிலிலை அர்ச்சனைக்கு என்ன குடுப்பீர்?"

"பேர், நட்சத்திரம். ஏன்?"

"செத்த ஆளின்ரை பேருக்கு?"

"செத்தவைக்கு ஆர் அர்ச்சனை செய்வினம்? அது உயிரோடை இருக்கிற..." கோசலை வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடிய சந்தர்ப்பங்கள் குறைவு.

"அவ கழுத்திலை பொய் சொல்லியிருக்கிறா. சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கிறா, பெத்த பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறா. பீடத்திலை வந்து சொல்ல ஏலேல்லை. உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஆன்ம இளைப்பாற்றி கேக்க அவவாலை முடியேல்லை."

*

பூசை முடிந்து சொந்தக்காரர்கள் ஆரெலியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஞானம்மா பக்கக் கதவால் வெளியேறி, படிகளில் வேகமாக இறங்கினாள். கீழ்ப்படியில் யேசுரட்ணம் நின்றார்.

"எங்கை அம்மா, அவசரமாய்?"

"வீட்டுக்குத்தான் தம்பி."

கோசலை அந்தத் துணிப்பையைப் பார்த்தாள். உள்ளே இருந்த பாத்திர மூடியின் விளிம்பில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. அவள் மூக்கு ஒருமுறை விரிந்தது.

"வல்லாரைத் துவையல்," என்றாள் மெதுவாக. "வீட்டிலை இருந்து வீட்டுக்கே சோறு கட்டிக்கொண்டு போறீங்களோ அம்மா?"

ஞானம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் எதுவும் சொல்லமாட்டேன். சிலுவைல பாடுபட்ட சுரூபத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"நீங்க சொல்லவேண்டாம்," என்றார் யேசுரட்ணம். "நான் சொல்லுறன். பிழையெண்டால் மட்டும் பிழையெண்டு சொல்லுங்கோ. புரொபெசர் உயிரோடை இருக்கிறார். எபினேயிலை, வயது போன ஆக்களைப் பாக்கிற இல்லமொண்டிலை. பொலிஸ் விசாரிச்சு அதைக் கண்டுபிடிச்சு, உங்களிட்டைச் சொன்னவை. அதாலைதான் மகளையும் உங்களிட்டை அனுப்பினவை. செத்த ஆளைப் பற்றிக் கேட்டால் அம்மாட்டைப் போ எண்டு எந்தப் பொலிஸும் சொல்லாது. அவருக்கு மறதி வருத்தம், வல்லாரை அதுக்குத்தான். ஞானசுந்தரம் அண்ணைதான் கொண்டுபோய் விட்டவர், செருப்பை வைச்சதும் அவர்தான்."

ஞானம்மா பிழை என்று சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரி என்னை உக்கார வெச்சு சொன்னாரு. இன்னும் கொஞ்ச நாள்ல நான் பேரெல்லாம் மறந்துடுவேன். ஊரு உலகத்துக்கு வரிசையா சொன்ன வாயி, தெரோனுக்கு அப்பறம் யாருன்னு தெரியாம முழிக்கும். ஆரெலி அதைப் பாக்கக் கூடாது. அவளா தேடி வந்தா வரட்டும், நீ சொல்லக் கூடாது. கால்வாய் ஓரத்துல என் செருப்பு ஒண்ணு கிடந்தா அவளுக்குப் புரியும். சின்னதுல இருந்து சொன்ன கதை. புரிஞ்சா வருவா. புரியலன்னா நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னாரு."

கோசலை வேறு பக்கம் பார்த்தாள்.

"நானும் தினமும் காத்துக்கிட்டிருந்தேன் தம்பி. இன்னிக்குப் புரிஞ்சிடும், நாளைக்குப் புரிஞ்சிடும்னு. அந்தச் செருப்ப எடுத்து எடுத்துப் பாப்பா. பாத்துட்டு அழுவா. பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். வாயத் தொறக்க முடியாது."

"அவர் இப்ப எப்பிடி?"

"அதான் தம்பி கொடுமை." ஞானம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்தி, பிறகு எடுத்தாள். "சத்தியம் வாங்குனதையே மறந்துட்டாரு. தினம் சாயந்திரம் ஆனா அதே கேள்வி. ஆரெலி ஏன் வரல? எம்மேல என்ன கோவம்? நான் என்ன தப்பு பண்ணேன்? சில நாள் சத்தம் போட்டு அழறாரு. நீங்கதான் வரக்கூடாதுன்னு சொன்னீங்கன்னா, 'நானா? எம்பொண்ணையா?'ன்னு என்னைத் திட்டறாரு."

கோசலை ஒரு சொல்லைத் தேடியது யேசுரட்ணத்துக்குத் தெரிந்தது. வழக்கமாக அவளுக்குச் சொல் தட்டுப்பட்டதில்லை.

"தான் செய்த மாட்டுக்குள்ளை," என்றாள் கடைசியில். அதில் பகிடி எதுவும் இருக்கவில்லை.

அப்போதுதான் அவர்கள் பின்னால் பார்த்தார்கள். பக்கக் கதவில் ஆரெலி நின்றாள். எவ்வளவு நேரமாக என்று அவளைக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

அம்மாவைத் திட்டுவாள் என்று கோசலை எதிர்பார்த்தாள். ஆரெலி இறங்கி வந்து, அம்மாவின் முன்னால் குந்தி, அந்த வெறுங்கழுத்தைத் தொட்டாள்.

"என்ன கதைம்மா அது? செருப்புக் கதை?"

"எனக்குச் சரியா சொல்லத் தெரியாதுடி. அவரு சொன்னாத்தான்."

ஆரெலி துணிப்பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க. சோறு ஆறிடும்."

*

எபினே இல்லத்தின் இரண்டாம் மாடி ஜன்னலோரத்தில் சவிரிமுத்து உட்கார்ந்திருந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, வழித்த முகம். வலது காலில் பழுப்புத் தோல் செருப்பு, பித்தளை வளையத்துடன். இடது காலில் வெறும் காலுறை. வேறு செருப்பு எதைக் கொடுத்தாலும் எடுத்து எறிந்துவிடுகிறார் என்று தாதி சொன்னாள்.

யேசுரட்ணமும் கோசலையும் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஞானம்மா சுவரில் சாய்ந்தாள். ஆரெலி மட்டும் உள்ளே போனாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்களில் ஒன்றும் அசையவில்லை. மரியாதையாகச் சிரித்தார்.

"புதுசா சேந்தியாம்மா? லேட்டு. பரவால்ல, உக்காரு."

ஆரெலி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உம்பேரு?"

"ஆரெலி."

"அட. எம்பொண்ணு பேரும் அதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ வரமாட்டா. இந்தக் கதைன்னா அவளுக்குப் புடிக்காது. தட்டத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா."

ஞானம்மா நடைபாதையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆரெலி அவர் பக்கமாக நகர்ந்தாள்.

"எனக்குச் சொல்லுங்க மெசியே. முடிவு வரைக்கும் சொல்லுங்க."

முதுகு நிமிர்ந்தது. கழுத்துப்பட்டியைச் சரி செய்தார். அதற்குப் பிறகு வந்த குரல் அறைக்குரியதல்ல, வகுப்புக்குரியது. கடலைத் தாண்டி வந்தவர்கள் குன்றின் மேல் கட்டிய நகரம். ஃபலாரிஸ். பெரிலாவோஸின் வெண்கல மாடு. தெரோன். திராசிடாயோஸ். மனைவி பெயர் தட்டுப்படாமல் முந்தின நாள் 'அந்த அம்மா' என்று கூப்பிட்டவர், இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தினவர்களை ஒருவரையும் விடாமல், ஒருவரையும் மாற்றாமல் அழைத்து வந்தார். பிறகு எம்பெடோக்கிளிஸ். அன்பு சேர்க்கிறது, பகை பிரிக்கிறது. பிறகு எட்னா மலை, அதன் வாய், குதித்த மனிதர்.

"எல்லாரும் சாமி கூட்டிக்கிட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சாங்க. மலை என்ன பண்ணுச்சு தெரியுமா?"

"தெரியாது," என்றாள் ஆரெலி. அது உண்மை.

"ஒரு செருப்ப வெளில துப்பிடுச்சு."

ஆரெலி கைப்பையைத் திறந்தாள். கீழே முழந்தாளிட்டு, அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, செருப்பை மாட்டினாள். பித்தளை வளையத்தில் வாரைக் கோர்க்க அவளுக்கு நேரம் எடுத்தது. கண்ணீர் கண்ணை மறைத்தது.

சவிரிமுத்து குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தார்.

"மலை திருப்பிக் குடுத்துடுச்சா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். மாணவி சொன்ன பாதி விடையைத் திருத்தும் ஆசிரியரின் பொறுமை அதில் இருந்தது.

"செருப்பத்தான் குடுக்கும்மா. ஆளைக் குடுக்காது."

நடைபாதையில் கோசலை யேசுரட்ணத்தின் கையிலிருந்து கைக்குட்டையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஞானம்மா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, வல்லாரையைப் பிசையத் தொடங்கினாள். நம்பிக்கை இருந்ததால் அல்ல. சாப்பாட்டு நேரம் என்பதால்.

ஆரெலி தரையிலிருந்து எழவில்லை. செருப்பு போட்ட அந்தக் காலைக் கையில் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க பப்பா," என்றாள். "முதல்ல இருந்து."

சவிரிமுத்துவின் முகத்தில் ஆச்சரியம் வந்தது. இத்தனை வருட வாத்தியார் வேலையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். யாரை 'பப்பா' என்கிறாள் என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜன்னல்தான் இருந்தது.

"நல்ல பொண்ணு," என்று சொல்லிவிட்டு, கடலைத் தாண்டி வந்தவர்களிடமிருந்து தொடங்கினார்.